கற்போர் உள்ளம் அறிதல்

சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டுக் காயலை அடுத்துக் கோவளம் என்னும் ஊர் அமைந்துள்ளது. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் மக்களுள் பலர்க்கு மீன்பிடித்தல் வழிவழி வந்த தொழிலாகும். மீனவர் படகைக் கடலில் தள்ளுவதற்கு முன் சிறிது நேரம் கரையில் நின்று நோக்குவர். காற்று எத்திசையினின்று வீசுகிறது, நீரோட்டம் எப்பக்கம் செல்கிறது, அலைகள் எவ்வளவு இடைவெளி விட்டு எழுகின்றன என்பனவற்றை ஆராய்வர். அதன் பின்னரே படகு நீரில் இறங்கும். கடலின் இயல்பை அறியாதவனுக்குத் தோள்வலிமை மட்டும் துணை செய்யாது.

கற்பித்தலும் இத்தகைய தொழிலே ஆகும். ஆசிரியர்க்குப் பாடப்பொருளில் ஆழ்ந்த புலமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்புலமை சென்று சேரவேண்டிய இடம் மாணவர் உள்ளம். அவ்வுள்ளம் எவ்வாறு பொருளை வாங்கிக்கொள்கிறது, எவ்வாறு நினைவில் நிறுத்துகிறது, எதனால் சோர்கிறது என்பனவற்றை அறிந்த ஆசிரியரே தம் புலமையை மாணவர்க்கு உடைமையாக்க வல்லவர். இவ்வறிவை முறைப்படுத்திக் கூறும் துறைக்குக் கல்வி உளநூல் என்று பெயர். கல்வி உளவியல் எனவும் இதனை வழங்குவர்.

இத்துறையின் பெயர் புதியதாயினும் இதன் கருத்து நமக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். அதன் பாயிரம் எழுத்தையும் சொல்லையும் பேசுவதற்கு முன், ஆசிரியர் யார், மாணாக்கர் யார், பாடம் சொல்லும் முறை யாது என்பனவற்றைப் பேசுகிறது. கேட்கும் மாணாக்கன் எவ்வகையில் பொருளைக் கொள்ளக்கூடியவன் என்பதை அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு ஆசிரியர் உரைத்தல் வேண்டும் என்பது அந்நூலின் கொள்கை. கல்வி உளநூல் ஆராய்ச்சியால் விரித்துரைப்பதும் இக்கொள்கையையே எனலாம்.

இஃது ஏன் இன்றியமையாதது? வகுப்பில் மும்முறை விடை தவறிய மாணவனுக்கு ‘மந்தன்’ என்று பெயர் சூட்டுதல் எளிது. அப்பெயர் விரைவில் அவனோடு ஒட்டிக்கொள்கிறது. பிறர் அவ்வாறே அவனை அழைக்கின்றனர். சின்னாளில் அவனும் அதனை நம்பிவிடுகிறான். நம்பியபின் முயற்சி குன்றுகிறது. முயற்சி குன்றவே மதிப்பெண் குறைகிறது. இறுதியில் அவன் பள்ளியைவிட்டே நீங்குகிறான். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவன் அவன் எனின், ஒரு தலைமுறையின் நம்பிக்கையே அங்கு முடிந்துபோகிறது. இவ்விழப்பைத் தடுக்க ஆசிரியர் நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மாணவன் எங்கே நிற்கிறான்?

இதுவே முதல் வினா. பிரெஞ்சு நாட்டில் பொதுப்பள்ளிகளில் கல்வி கட்டாயமாக்கப்பட்டபின், பாடங்களைப் பின்பற்ற இயலாத குழந்தைகள் பலர் வகுப்புகளில் காணப்பட்டனர். அவர்களைக் கண்டறிந்து உதவும் வழியை ஆராய 1904ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு ஒரு குழுவை அமைத்தது. அதில் இடம்பெற்ற ஆல்பிரட் பினே என்னும் அறிஞர், தியோடர் சைமன் என்பவருடன் சேர்ந்து 1905இல் முப்பது சிறு சோதனைகளைக் கொண்ட அளவுமுறை ஒன்றை வெளியிட்டார். எளியதில் தொடங்கி அரியதில் முடியுமாறு அச்சோதனைகள் அமைந்தன. எக்குழந்தைக்குத் தனி உதவி வேண்டும் என்பதை அறிவதே அவற்றின் நோக்கம்.

பின்னர் வேறு நாடுகளில் சிலர் அம்முறையைக் கையாண்டு, மனிதனின் அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது என்பது போன்ற முடிவுகளைக் கூறலாயினர். பினே அக்கருத்தை உடன்பட்டவர் அல்லர். அறிவு என்பது கூட்டவும் குறைக்கவும் இயலாத ஓர் அளவு என்று கூறுவோரை 1909இல் எழுதிய நூலில் அவர் வன்மையாக மறுத்தார். தக்க பயிற்சியால் கவனமும் நினைவும் ஆராய்ந்து முடிவு செய்யும் திறனும் வளரும் என்பது அவர் துணிபு. மருத்துவர் நாடி பார்ப்பது மருந்து கொடுப்பதற்காகவே. நோயாளியைக் கைவிடுவதற்காக அன்று. பள்ளிச் சோதனைகளும் அத்தகையனவே.

இவ்வுண்மையைக் கண்கூடாகக் காணவேண்டின் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோவளத்தை அடுத்த முட்டுக்காட்டில், நடுவண் அரசு 2005ஆம் ஆண்டில் நிறுவிய பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பார்வைக் குறையும் செவிக் குறையும் ஒருங்கே உடையவர், உடலியக்கக் குறையோடு அறிவு வளர்ச்சிக் குறையும் உடையவர் எனக் குறைபாடுகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்காக அமைந்தது அந்நிறுவனம். அத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்க்கும் அங்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

சிறப்புக் கல்வியில் கையாளப்படும் முறைகளுள் ஒன்று, ஒரு செயலைச் சிறுசிறு படிகளாகப் பகுத்தல். கை கழுவுதல் என்னும் செயலை எடுத்துக்கொள்வோம். குழாயைத் திறத்தல், கையை நனைத்தல், சோப்பை எடுத்தல், தேய்த்தல், நீரில் அலசுதல், குழாயை மூடுதல், துணியால் துடைத்தல் என அது ஏழு படிகளாகும். ஒரு குழந்தை ஐந்து படிகளைத் தானே செய்து, குழாயைத் திறக்கவும் மூடவும் மட்டும் இயலாது நிற்கலாம். ‘இக்குழந்தைக்குக் கை கழுவத் தெரியாது’ என்று கூறுவது எவ்வளவு தவறு! தெரியாதவை இரண்டு படிகள் மட்டுமே. அவ்விரண்டையும் கைபிடித்துக் காட்டிப் பழக்கி, பழகப் பழக உதவியைக் குறைத்துக்கொள்வர். ஏழு படிகளும் ஒருநாள் அக்குழந்தைக்குக் கைவந்துவிடும்.

இம்முறை எல்லா வகுப்புகளுக்கும் பொருந்தும். நீள்வகுத்தல் கணக்கில் தவறிய மாணவனைப் பாருங்கள். அவனுக்கு வாய்பாடு தெரிந்திருக்கலாம், பெருக்கலும் தெரிந்திருக்கலாம், கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் மட்டும் அவன் இடறியிருக்கலாம். விடைத்தாளில் பெருக்கற்குறி இட்டுத் தள்ளிவிடும் ஆசிரியர்க்கு அது புலனாகாது. அவன் கணக்கை வரிவரியாக நோக்குபவர்க்குப் புலனாகும். சில வேளைகளில் குறை கணக்கிலேயே இராது. கரும்பலகையில் எழுதியது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாமையாலோ, ஆசிரியர் சொல் காதில் சரியாக விழாமையாலோ ஒரு மாணவன் பின்தங்குவதுண்டு. அவனுக்கு வேண்டுவது மூக்குக் கண்ணாடியே அன்றித் தண்டனை அன்று.

அடுத்த படி யாது?

மாணவன் நிற்கும் இடம் தெரிந்தபின் எழும் வினா இஃது. இரசிய நாட்டு அறிஞர் வைகாட்ஸ்கி 1934ஆம் ஆண்டில் தம் 37ஆம் வயதிலேயே மறைந்தார். அவர் கூறிய கருத்து ஒன்று இன்று உலகெங்கும் ஆசிரியர்க்குப் பயன்படுகிறது. குழந்தை தானே செய்யக்கூடியவை சில. எவ்வளவு உதவினும் இப்போது செய்ய இயலாதவை சில. இவ்விரண்டிற்கும் இடையில், பிறர் துணையோடு செய்யக்கூடியவை சில உண்டு. அவ்விடைவெளியே கற்பித்தலுக்கு உரிய நிலம் என்றார் அவர். முன்னரே தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சலிப்பு உண்டாகும். எட்டாததைச் சொன்னால் மலைப்பு உண்டாகும். கை நீட்டினால் எட்டும் கனியே முயற்சியைத் தூண்டும்.

1976இல் உட், புரூனர், ராஸ் என்னும் மூவர் இத்தகைய துணையைக் கட்டடத்துச் சாரத்திற்கு ஒப்பிட்டனர். சுவர் எழும்வரை சாரம் வேண்டும். சுவர் நின்றபின் சாரத்தைப் பிரித்துவிடுதல் வேண்டும். பிரிக்காமல் விட்டால் கட்டடம் குடியிருக்க உதவாது. எல்லாக் கணக்கையும் தாமே போட்டுக் காட்டும் ஆசிரியர் சாரத்தைப் பிரிக்க மறந்தவர் ஆவார்.

நம் மாநிலத் தொடக்கப் பள்ளிகளில் இக்கொள்கையை ஒட்டிய முயற்சிகள் சில நடைபெற்றுள்ளன. 2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. பல திங்கள் கடந்து அவை மீண்டும் திறந்தபோது, ஒரே வகுப்பில் அமர்ந்த குழந்தைகளுள் சிலர் பத்திகளைப் படித்தனர். சிலர் எழுத்துகளையே மறந்திருந்தனர். அந்நிலையில் 2022ஆம் ஆண்டில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டது. அதில் குழந்தைகள் அவரவர் கற்றிருந்த அளவிற்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துக் கற்பிக்கப்பட்டனர். எந்த வகுப்பில் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதைவிட, குழந்தை எதுவரை அறிந்திருக்கிறது என்பது முதன்மை பெற்றது. அரும்பு குறையுடைய மலர் அன்று. மலரும் பருவம் நோக்கி நிற்பதே அரும்பு. அப்பெயர்களிலேயே ஒரு நல்லெண்ணம் அமைந்திருப்பதைக் காணலாம்.

கற்றது எவ்வாறு நிலைக்கும்?

மூன்றாம் வினா நினைவைப் பற்றியது. செருமானிய அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்தார். அதன் முடிவுகளை 1885இல் வெளியிட்டார். கற்ற உடனே மறதி விரைந்து நிகழ்கிறது. நாள் செல்லச் செல்ல அதன் வேகம் குறைகிறது என்று அவர் கண்டார். ஒரே அமர்வில் பன்முறை படிப்பதைவிட, இடைவெளி விட்டுப் பல நாள்களில் படிப்பது மிகுந்த பயன் தரும் என்பதும் அவர் ஆராய்ச்சியால் விளங்கியது. தேர்வுக்கு முன்னிரவு முழுதும் விழித்துப் படிப்போர் இதனை உளங்கொள்வாராக.

மற்றோர் ஆராய்ச்சியும் அறியத்தக்கது. 2006இல் அமெரிக்க நாட்டு அறிஞர்களாகிய ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர், கல்லூரி மாணவர்க்கு ஓர் உரைப்பகுதியைக் கொடுத்தனர். ஒரு சாரார் அதனை நான்கு வேளை படித்தனர். மற்றொரு சாரார் ஒரு வேளை படித்து, மூன்று வேளை புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை மாறியது. படித்தவர்கள் நினைவில் நூற்றுக்கு 40 பங்கும், எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் நூற்றுக்கு 61 பங்கும் எஞ்சியிருந்தன. ஆகவே வகுப்பில் நாள்தோறும் வைக்கும் சிறு சோதனை மதிப்பெண் இடுவதற்கு மட்டும் உரியதன்று. அதுவே கற்றலின் ஒரு பகுதியாகும்.

கற்றதைப் பிறர்க்கு உரைப்பது இதனினும் சிறந்த பயிற்சி. ஆசிரியரிடம் கேட்பதால் புலமையில் கால்பங்கே கிட்டும். உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால்பங்கு கிட்டும். எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்று நன்னூல் கணக்கிட்டுக் கூறுகிறது. பழைய திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குப் பாடம் சொல்லும் வழக்கமும் இருந்தது.

இதனோடு தொடர்புடைய செய்தி ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. 1789இல் எழும்பூரில் தொடங்கிய இராணுவ ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் ஏற்றிருந்தார். ஒருநாள் காலை குதிரைமேல் சென்றபோது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்து எழுதுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். கீழ்வகுப்பு ஆசிரியர் அது நடவாது என்றார். பெல் தளரவில்லை. ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி கண்டான். அதன்பின் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறை அப்பள்ளியில் விரிந்தது. 1797இல் பெல் அதனைப் பற்றிய அறிக்கையை இலண்டனில் அச்சிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு அஃது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

மணலில் எழுதும் சிறுவனுக்குத் தவறு அச்சந்தருவதன்று, கையால் தடவினால் எழுத்து மறையும், மீண்டும் எழுதலாம். கண்டதை விரல் எழுதுகிறது. எழுதியதை வாய் சொல்கிறது. நம் முன்னோரின் எளிய முறையில் உளநூலின் நுட்பம் பொதிந்திருந்தமை எண்ணி மகிழத்தக்கது. ஆயின் ஒன்றையும் மறவாதிருத்தல் வேண்டும். நூற்றுக்கணக்கான சிறுவர்களை ஓரிடத்தில் திரட்டி, பொருள் உணராது ஒப்பிக்கச் செய்த இடங்களில் சென்னை முறை உயிரற்ற இயந்திரமாகிவிட்டது. முறை எதுவாயினும் மாணவர் உள்ளத்தை நோக்கும் கண் வேண்டும்.

உள்ளம் அமைதியாக இருக்கிறதா?

நான்காம் வினா இதுவாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. கோவளம் உள்ளிட்ட கரையோர ஊர்கள் பலவற்றை அது வருத்தியது. அதன்பின் பள்ளிகள் திறந்தபோது, அலையோசை கேட்டால் நடுங்கும் குழந்தையிடம் வாய்பாட்டைக் கேட்டுப் பயன் என்ன? பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த வல்லுநர்கள் தமிழகக் கடற்கரைக்கு வந்து மனநலத் துணை வழங்கினர். பேரிடரில் சிக்கிய குழந்தைகளை விளையாடச் செய்தல், படம் வரையச் செய்தல், கதை சொல்லச் செய்தல், அவர்கள் பேச விரும்பும்போது பொறுமையாகச் செவிசாய்த்தல் ஆகியவை அவர்தம் அச்சத்தைத் தணிக்கும் வழிகள் என்பது மனநல வல்லுநர் கண்ட உண்மை. நாள்தோறும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும் பள்ளியே அத்தகைய குழந்தைக்குப் பெரும் ஆறுதல் ஆகும்.

அச்சம் பேரிடரால் மட்டும் வருவதன்று. பிரம்பும் ஏளனச் சொல்லும் அதனை விளைவிக்கும். அஞ்சிய உள்ளத்தின் கவனம் அச்சத்திலேயே சிக்கிக்கொள்வதால், பாடத்திற்கு இடம் குறைகிறது. பசியும் அவ்வாறே கவனத்தைக் கவர்கிறது. 1956இல் தமிழகப் பள்ளிகளில் பரவலாகத் தொடங்கிய மதிய உணவும், 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவும் வயிற்றுக்கு மட்டுமின்றி உள்ளத்திற்கும் உதவுகின்றன.

பாராட்டிலும் ஒரு முறை உண்டு. ‘நீ அறிவாளி’ என்று பொதுப்படக் கூறுவதைவிட, ‘இக்கட்டுரையை இரண்டாம் முறை திருத்தி எழுதியதால் பொருள் தெளிவாயிற்று’ என்று செய்ததைச் சுட்டிக் கூறுவது நன்று. அடுத்த முறை என்ன செய்யவேண்டும் என்பதை அது மாணவனுக்கு உணர்த்துகிறது.

உளநூலின் எல்லை

உளநூலின் பெயரால் கூறப்படுவன எல்லாம் உண்மை என்று கொள்ளலாகாது. சில மாணவர் கண்ணால் மட்டும் கற்பர், சிலர் காதால் மட்டும் கற்பர் எனப் பிரித்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்து நெடுங்காலமாகப் பரவியுள்ளது. 2008இல் அறிஞர் நால்வர் அக்கருத்துக்குரிய சான்றுகளை ஆராய்ந்து, அவை போதியன அல்ல என்று உரைத்தனர். ஆகவே ஆசிரியர் எக்கருத்தையும் சான்று நோக்கி ஏற்றல் வேண்டும். மேலும், நூலில் கூறப்படுவது பலர்க்குப் பொதுவான இயல்பு. எதிரில் அமர்ந்திருப்பவனோ தனக்கென ஒரு வீடும் ஒரு கவலையும் ஒரு விருப்பமும் உடைய தனி மாணவன். பொது இயல்பைக் கொண்டு அவனை அறியத் தொடங்கலாம். முடிவு செய்தல் கூடாது.

மாணவர்களே! இக்கலை ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. உங்கள் உள்ளத்தின் ஆசிரியர் ஒருவகையில் நீங்களே. பாடம் விளங்காதபோது ‘எனக்கு அறிவில்லை’ என்று சோராதீர்கள். எந்தப் படியில் கால் இடறியது என்று தேடுங்கள். தேடியதை ஆசிரியரிடம் அஞ்சாது கூறுங்கள். ‘எனக்கு ஒன்றும் புரியவில்லை’ என்பதைவிட ‘இந்த வரிவரை புரிந்தது’ என்று கூறுவது அவர்க்குப் பெருந்துணையாகும். படித்தபின் புத்தகத்தை மூடி எழுதிப் பாருங்கள். சில நாள் கழித்து மீண்டும் எழுதிப் பாருங்கள். அருகில் ஒருவன் விளங்காது விழித்தால் அவனுக்கு எடுத்துரையுங்கள். அவன் பெறுவது பாடம். நீங்கள் பெறுவது நன்னூல் கூறும் அப்பாதிப் புலமை. எவரையும் ‘மந்தன்’ என்று அழையாதீர்கள். பூவாத அரும்பைப் பழிப்பவர் எவருமிலர். அதற்கு நீர் வார்ப்பதே நம் கடமை.